கத்தரிக்காயோடு போட்டோ கேட்ட பிரேக் அண்ணன்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சலித்துத் தேடினாலும், பிரேக் அண்ணனைப் போல மனித குலத்தின் மீது இவ்வளவு சந்தேகம் கொண்ட இன்னொரு ஜீவன் கிடைக்காது. பிரசவ வார்டில் பிறந்த குழந்தையைப் பார்த்து, "அழுகைய அப்புறம் வச்சிக்க, ஆதார் எங்க?" என்று கேட்கக்கூடியவர். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன் என் மாமனார்கூட இரண்டே கேள்விதான் கேட்டார்: என்ன சம்பளம், வெற்றிலை போடுவாயா. ஒரே ஒரு கிரிக்கெட் அட்டையை மாற்றிக்கொள்வதற்காக பிரேக் அண்ணன் என்னிடம் கேட்டவற்றைச் சொன்னால் நீங்களும் என்னோடு சேர்ந்து கொதிப்பீர்கள். கொதிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் பபிள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை ஒன்று வரும். முன்பக்கம் படம், பின்பக்கம் அவர் எடுத்த ஓட்டம், சாய்த்த விக்கெட் எல்லாம் பொடி எழுத்தில். பெரம்பலூரில் சமீபத்தில் வீடு மாறியபோது பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் என் அட்டைகள் அகப்பட்டன. தரையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு செட்டில் ஒரே ஒருவர் குறைகிறார். விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் ஆளே இல்லாமல் ஒரு அணி எத்தனை வருஷமாக என் பெட்டிக்குள் நின்றிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. "கல்யாணப் பத்திரிகையில எம் பேரைத் தப்பா அடிச்சப்பகூட நீங்க இவ்வளவு வருத்தப்படல" என்றாள் என் மனைவி வள்ளி.

அப்போதுதான் செல்போனில் இதற்கென்றே ஒரு குரூப் இருப்பது தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் இந்த அட்டைப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அட்டைக்கு அட்டை மட்டும்தான் மாற்ற வேண்டும். பணம் என்ற சொல்லை எழுதினாலே வெளியே. அந்தக் குரூப்பின் அட்மின்தான் பிரேக். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முகத்துக்குப் பதிலாக ஒரு காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் படமாக வைத்திருந்தார். எல்லாரும் அண்ணே, அண்ணே என்றார்கள். நானும் அண்ணே என்றேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஒரு பையன் அங்கேதான் படிக்கிறான் என்று நான் கையெழுத்துப் போட்டுச் சொன்னால்தான் அவனுக்கு பஸ் பாஸே கிடைக்கும். ஊருக்கெல்லாம் அத்தாட்சி கொடுக்கிற என்னைப் பார்த்து பிரேக் எழுதிய முதல் வரி இது:

"நீங்க யாருன்னு நாங்க எப்படி நம்பறது?"

கீப்பர் யாரிடமும் இல்லை. என்னுடைய வேறொரு செட்டுக்கு உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருவர் தன்னிடம் இரண்டாகக் கிடந்த வேகப்பந்து வீச்சாளரைத் தருவதாகச் சொன்னார். என்னிடம் இரண்டாக இருந்த சுழல்பந்துக்காரரைத் தருவதாக நான் சொன்னேன். இரண்டு பெரிய மனிதர்கள் பேசி முடித்துக்கொண்ட விஷயம். நடுவில் நுழைந்தார் பிரேக்.

"புதுசா வந்தவங்கதான் மொதல்ல அனுப்பணும்."

"நான் ஏங்க மொதல்ல அனுப்பணும்?"

"நீங்க புதுசு."

"அனுப்பிட்டேன்னு வைங்க. அவரு எனக்கு அனுப்பாம ஏமாத்திட்டா?"

"ஏமாத்த மாட்டாரு. அவரு பழசு."

"அவரும் ஒரு நாள் புதுசா இருந்தவருதானே?"

"ஆமா. அப்ப அவரு மொதல்ல அனுப்புனாரு."

இதற்கு மேல் என்ன வாதாடுவது? சரி, தொலைகிறது என்று அட்டையைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். உடனே அடுத்த உத்தரவு வந்தது. "இந்தப் படத்தை நெட்டுலேர்ந்து யாரு வேணா எடுத்துப் போடலாம். அட்டைக்குப் பக்கத்துல ஒரு கத்தரிக்காய வச்சி இன்னொரு படம் எடுங்க."

திரும்பத் திரும்பப் படித்தேன். கத்தரிக்காய் என்றுதான் போட்டிருந்தது.

"கத்தரிக்காய் எதுக்குங்க?"

"நான் என்ன கேப்பேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதுல்ல. அதுக்குத்தான்."

வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்காய் இல்லை. முருங்கைக்காய் வைக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கத்தரிக்காய் கடன் கேட்ட கண்காணிப்பாளர் இந்த மாவட்டத்தின் வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அட்டையையும் காயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, காய்க்கு வெளிச்சம் விழும்படி குனிந்து நின்றபோது வள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கத்தரிக்காய பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அட்டையை அனுப்பினேன், முந்திரி வியாபாரியும் நாணயமாக அனுப்பினார். ஆனாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அடுத்த அட்டைக்கு சீப்பு. அதற்கடுத்ததற்கு இடது கால் செருப்பு. பார்சல் கட்டும்போது கை நடுங்காமல் வீடியோ வேறு. என்னைவிடப் பின்னால் வந்த இன்னொருவர் கோபித்துக்கொண்டு வெளியேறியபோது, "நல்லபடியா போயிட்டு வாங்க. திரும்பி வந்தா மறுபடியும் புதுசுதான்" என்று வழியனுப்பினார் பிரேக். இவருக்கு எப்படியாவது ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

வாய்ப்பு தானாக வந்தது. ஒரு நாள் அதே பெயரில், அதே சிவப்பு விளக்குப் படத்தோடு எனக்குத் தனியாக ஒரு செய்தி.

"வணக்கம் சார், நான் பிரேக். உங்கள மாதிரி பொறுப்புல இருக்கறவங்கள புதுசுன்னு நிக்க வச்சது தப்புதான். விக்கெட் கீப்பர் அட்டை என்கிட்டயே இருக்கு. உங்க நல்ல அட்டைங்கள எல்லாம் அனுப்புங்க. சரிபாத்துட்டு, கீப்பரையும் சேத்துத் திருப்பி அனுப்பறேன்."

வேறு யாராவதாக இருந்தால் குளிர்ந்துபோயிருப்பார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா? "மொதல்ல நீங்க கத்தரிக்காயோட போட்டோ அனுப்புங்க" என்று எழுதினேன்.

"சார், நான் வெளியூர்ல இருக்கேன்."

"வெளியூர்ல கத்தரிக்காய் வெளையாதா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அதில் கீப்பர் கையுறையோடு குனிந்து நிற்கிறார். அவர் தலைக்கு மேல் அவரைவிடப் பெரிய கத்தரிக்காய் ஒன்று, நிழலே இல்லாமல், அந்தரத்தில் மிதக்கிறது. கம்ப்யூட்டரில் ஒட்டிய கத்தரிக்காய் என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

நான் அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "அட்மினே திருடன்! கத்தரிக்காயிலேயே மோசடி செய்தவர் அட்டையில் என்னதான் செய்ய மாட்டார்?" எழுதி முடித்ததும் அப்படி ஒரு திருப்தி. குரூப் அல்லோலகல்லோலப்பட்டது. பிறகு பிரேக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"என் மேல புகார் வந்திருக்கு. விசாரணை முடியற வரைக்கும் நான் அட்மின் இல்ல. நானும் புதுசுதான். புகார் கொடுத்தவர நேர்ல பாக்கணும். சனிக்கெழம காலைல, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசல். ஆளுங்க இருக்கற எடம்தான். முன்னப்பின்ன தெரியாதவங்கள பாக்க யாரும் தனியா போகக் கூடாது. நீங்களும் தனியா வராதீங்க."

தன்னைத் திருடன் என்று சொன்னவனுக்கே பாதுகாப்பு சொல்கிற திருடனை நான் அதுவரை பார்த்ததில்லை. வள்ளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் மீசை வைத்த ஆள் யாராவது தட்டுப்படுகிறாரா என்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன கார் வந்து நின்றது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு. கூரை மேல் டிரைவிங் ஸ்கூல் பலகை. அதிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர், காட்டன் புடவையும் ஷூவுமாக இறங்கி, போனில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நேரே என்னிடம் வந்தார்.

"கத்தரிக்காய் சாருங்களா? நான்தான் பிரேக்."

"நீங்க... அண்ணன் இல்லீங்களா?"

"அண்ணன்னு நீங்களா கூப்டீங்க. நான் சொன்னேனா? நெட்டுல முகம் தெரியாதவங்ககிட்ட ஆம்பளையா பொம்பளையா, வூடு எங்க, வேலை என்னன்னு நான் எதுக்குங்க சொல்லணும்?"

வள்ளி அப்போதே கட்சி மாறிவிட்டாள். "சரியா சொன்னீங்கக்கா" என்றாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் தொழில். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமாம். அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டார் என்பதால் அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் அது. பையன்கள் மட்டும்தான் பபிள்கம் மென்றார்களா என்ன? பள்ளிக்கூடக் காலத்தில் சேர்த்த அட்டைகளை அவரும் விடவில்லை.

என் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்ததுமே விரலால் காட்டினார். பெயருக்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு புள்ளி. "இது நான் இல்ல. என் பேரையும் படத்தையும் எடுத்து வச்சிருக்கான். நான் யாருக்காவது தனியா மெசேஜ் போட்டிருக்கேனா? தனியா வந்து அட்மின்னு சொன்னா அவன் திருடன்னு விதியில மொத வரியே அதானே. படிச்சீங்களா இல்லியா?"

"அவரு மருந்துச் சீட்டையே படிக்க மாட்டாருக்கா" என்றாள் வள்ளி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் யார் மேல் கோபப்படுவதற்காக நான் பாடுபட்டேனோ அவர் குற்றமற்றவராம்! அந்தக் கோபத்தை எல்லாம் நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

வேறு யாருக்காவது இப்படித் தனிச்செய்தி வந்ததா என்று அவர் குரூப்பில் கேட்டார். ஒரு பெண் உடனே பதில் எழுதினாள். அரியலூரில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிற ஸ்டெல்லா, ஏலாக்குறிச்சிக்காரப் பெண். ஐந்து நிமிஷத்தில் டியூட்டி முடிந்த உடையோடு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி வந்துவிட்டாள். கையில் கூரியர் ரசீது. அந்தப் புள்ளி வைத்த பிரேக்கை நம்பி, மொத்த அட்டைகளையும் முந்தாநாள் அனுப்பிவிட்டிருந்தாள்.

"என்னோடது இல்லீங்க, எங்க அண்ணனோடது" என்றாள். "குவைத்துல இருக்கான். கிறிஸ்மஸ்க்கு வரான். கொறையறத எல்லாம் சேத்து வச்சி, செட்டா அவன் கையில குடுக்கணும்னு நெனச்சேன். இப்ப இருந்ததும் போச்சி." ரசீதை பிரேக்கிடம் நீட்டினாள்.

பிரேக் ரசீதை வாங்கிப் பார்த்தார். உடையார்பாளையம் கூரியர் ஆபீஸ், நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் பார்சல். ஆபீஸுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. "அவன் இன்னும் வாங்கலைன்னா, அனுப்புன ஆளு ரசீதோட நேர்ல நின்னு கேட்டா நிறுத்தலாம். ஏறுங்க வண்டியில."

நாங்கள் ஏறினோம். திருடனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எனக்கு ரத்தம் சூடேறியது. கார் கிளம்பவில்லை.

"பெல்ட்டு போடுங்க சார்."

போட்டேன். கண்ணாடியைத் திருத்தினார். இண்டிகேட்டர் போட்டார். பின்னால் யாருமில்லை, இருந்தாலும் கையையும் நீட்டினார். அதன் பிறகு கார் நகர்ந்தது. ஜெயங்கொண்டம் சாலையில் அந்தக் கார் போன வேகத்தை நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு போகிறது. நாங்கள் அதன் பின்னால் தூசியைக் குடித்துக்கொண்டு போகிறோம். டவுன் பஸ் எங்களைத் தாண்டியது. ஸ்கூல் வேன் தாண்டியது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாண்டியபோது அதன் டிரைவர் எங்களைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினான்.

"அக்கா, ஓவர்டேக் பண்ணுங்க!"

"வளைவு வருது சார்."

"வளைவு தாண்டியாச்சிங்க!"

"பாலம் வருது."

"திருடன் போயிருவாங்க!"

"நாம போயிச் சேரணும்ல சார்."

வேறு வழியில்லாமல் என் கோபத்தைப் பின் சீட்டுப் பக்கம் திருப்பினேன். "ஏம்மா, நர்சுக்குப் படிச்ச பொண்ணு நீ. மொகம் தெரியாத ஒருத்தனுக்கு மொத்தத்தையும் அனுப்பறியே, ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா?"

கார் சட்டென்று ஓரங்கட்டி நின்றது. நான் பெல்ட்டில் தொங்கினேன். பிரேக் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை சாதாரணமாக இருந்த முகம் சிவந்திருந்தது.

"அந்தக் கேள்விய அவகிட்ட கேக்காதீங்க சார். திருடுனவன ஒருத்தனும் கேக்க மாட்டான். ஏமாந்தவகிட்டதான் ஊரே வந்து கேக்கும், ஏன் யோசிக்கலன்னு. நம்புனது ஒரு குத்தமா? என்கிட்டயும் இப்படித்தான் கேட்டாங்க. எனக்கும் ஒருத்தன் பட்டை நாமம் போட்டான். சேத்து வச்ச அட்டையில பாதிக்கு மேல போச்சி. அட்டை போனதுகூடப் பரவால்ல. 'இந்த வயசுல உனக்கு எதுக்கு இது'ன்னு வூட்டுல, தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. இனிமே புதுசா வர்ற ஒருத்தரும் அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் இத்தன விதி. என்னைத் திட்டுங்க, பரவால்ல. அவள விடுங்க."

பின் சீட்டில் வள்ளி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் மறுபடி இண்டிகேட்டர் போட்டு, கையை நீட்டி, வண்டியை எடுத்தார். அப்புறம் உடையார்பாளையம் வரைக்கும் நான் ஓவர்டேக் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. என் கோபம் அதற்குள் சரியான ஆளைத் தேடிக்கொண்டது.

கூரியர் ஆபீஸ் வாசலில் இடம் இருந்தது. ஆனாலும் பிரேக் முன்னே போய், பின்னே வந்து, கோடு போட்ட மாதிரி நிறுத்தும்வரை யாரையும் இறங்க விடவில்லை. வாசலில் ஒரு பைக் நின்றது. உள்ளே கூலிங் கிளாஸ் போட்ட முப்பது வயதுக்காரன் ஒருவன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, செல்போனைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான்.

"பேரு பிரேக்னுதான் போட்டிருக்கும். நான்தாங்க பிரேக். பாருங்க, படம்கூட இருக்கு."

பிரேக் அவன் பக்கத்தில் போய் நின்றார். "நீங்கதான் பிரேக்குங்களா? உங்களத்தான் தேடிக்கிட்டு வரேன்."

"ஆமாங்கம்மா. குரூப்புல சேரணுமா?"

"சேரணும். புதுசா வர்றவங்களுக்கு என்ன விதின்னு கேட்டுக்கலாம்னு வந்தேன்."

அவன் சிரித்தான். "விதியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நம்பிக்கைதான் முக்கியம்."

"அந்த வார்த்தைய நீ சொல்லாத!" என்று ஒரு சத்தம். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கத்தியது பிரேக் இல்லை, நான். எங்கள் கல்லூரியில் மூன்று மாடிக்கும் கேட்கிற குரல் அது. நான் முழங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா கவுண்டரில் ரசீதை வைத்து, தன் அடையாள அட்டையைக் காட்டி, "அண்ணே, இது நான் அனுப்புனது. அவருகிட்ட குடுக்காதீங்க" என்றாள். கடைக்காரர் பார்சலைச் சட்டென்று மேஜைக்கு உள்பக்கம் இழுத்துக்கொண்டார்.

கூலிங் கிளாஸ் நிலைமையைப் புரிந்துகொண்டு வெளியே பாய்ந்தான். பைக்கில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் தேடினான். சாவி இல்லை. வள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனபோது அவள் மட்டும் வரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவன் பைக்கிலேயே விட்டுப்போன சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்" என்றாள். அவன் பைக்கை விட்டுவிட்டு ஓடினான்.

"அக்கா, வண்டிய எடுங்க, தொரத்தலாம்!" என்றேன்.

"கடைவீதியில தொரத்தக் கூடாது சார். பைக்கு இங்கதானே இருக்கு, வருவான்" என்றார் பிரேக்.

வந்தான். நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, பைக்கையும் ஒப்படைத்திருந்தோம். மறுநாள் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு பைக்கை மீட்க வந்தவனை உட்காரவைத்து விசாரித்ததில், இன்னும் இரண்டு பேரிடம் வாங்கிய அட்டைகளும் வெளியே வந்தன. ஸ்டெல்லா தன் பார்சலை முதல் நாளே கூரியர் ஆபீஸில் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரேக்கின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவருக்கு அது பழக்கமில்லை போலிருக்கிறது. "சரி, சரி, வீடியோ எடுத்துக்க, மூலை மடங்கலையான்னு பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிறிஸ்மஸுக்குள் அவளுடைய செட்டைக் குரூப்பே கூடி நிரப்பியது. ஒவ்வொரு அட்டைக்கும் அவள்தான் முதலில் அனுப்பினாள். அதில் ஒரு சலுகையும் கிடையாது.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். நான் குரூப்பில் போட்ட புகாரை வாபஸ் வாங்கியதும் பிரேக் மறுபடி அட்மின் ஆனார். ஆனதும் முதல் வேலையாக, விசாரிக்காமல் ஒருவர் மேல் குரூப்பில் பழி போட்டதற்காக என்னைப் புதியவர்கள் வரிசையிலேயே இன்னும் சில காலம் நிறுத்திவைத்தார்! திருடனைப் பிடிக்கக் குரல் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை. என் கீப்பர் இன்னும் வரவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை மாலை பிரேக் எங்களைத் திரும்ப அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். முதலில் ஸ்டெல்லா ஏலாக்குறிச்சி பஸ் ஏறினாள். அந்த பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை காரை எடுக்காமல் நின்றார். பிறகு எங்களிடம், "வூடு போயிச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றார். போடவில்லை. நாங்கள் என்ன குழந்தைகளா? சாப்பிட உட்கார்ந்தபோது போன் ஒலித்தது. "சேந்துட்டீங்களா இல்லியா?" வள்ளிதான் பதில் போட்டாள். குரூப்பில் யார் யாரைப் பார்க்கப் போனாலும், அட்டை மாற்றப் போனாலும், திரும்பியதும் அந்த ஒரு வரி போட்டாக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் அவர் டிரைவிங் ஸ்கூலை விட்டுவிட்டு ஓசூரில் மகனிடம் போய்விட்டார். குரூப்புக்கு முந்திரி வியாபாரிதான் இப்போது அட்மின். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கல்லூரி வேலையாக வெளியூர் போய்விட்டுப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம், ஓசூருக்கு "வந்து சேந்துட்டேன்க்கா" என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு நடக்கிறேன். இந்த வயதில் எனக்கு என்ன இது என்று சில நாள் கோபம்கூட வருகிறது. ஒரு நாள் போடாமல் இருந்து பார்ப்போமே என்று நினைப்பேன். அங்கே அவர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே என்று தோன்றும், போட்டுவிடுவேன்.